அம்மன் காலில் செருப்பு

மே 6, செவ்வாய்

அக்னி வெயில். மாடியில் போட்ட வடாம் ஒரே நாளில் காய்ந்துவிட்டது.

காமிக்ஸ் அச்சாகி வந்தது! பதினாறு பக்கம், நூறு பிரதி. அட்டையில் "கதை: நசீமா. படம்: கலா." என் பெயரை நானே நாலு தடவை படித்தேன். ஞாயிறு மாலை நூலகத்தில் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம்.

நசீமா எங்கள் ஷூ கம்பெனியில் செக்கிங். வீட்டில் உருது, எழுதுவது தமிழ். எங்கள் தெரு அம்மன் கதையைக் கோயில் கமிட்டி முனுசாமி மாமாவிடமே உட்கார்ந்து கேட்டு எழுதினாள். பிள்ளைகளுக்குத் தண்ணீர் தேடி அம்மன் பாலாற்றைக் கடக்கிற கதை. ஆற்றில் கொதிமணல்தான்.

வாங்க: பால், பாப்பாவுக்கு வேர்க்குரு பவுடர், பசை.

மே 7, புதன்

சாப்பாட்டு நேரத்தில் தெரு வாட்ஸப் குரூப்பைத் திறந்தேன். நூலகத்தில் மாதிரிக்கு வைத்த பிரதியின் ஒன்பதாம் பக்கத்தை எவனோ போட்டோ எடுத்து, அம்மன் காலைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருக்கிறான். காலில் செருப்பு. இரண்டு வார், ஒரு பக்கிள். தையல்கூடத் தெரிகிறது.

"சாமி காலுக்குச் செருப்பா?"
"எழுதுனது யாருன்னு பேரைப் பாருங்க, புரியும். கலாக்கா எழுதிக் குடுத்ததத்தான் வரைஞ்சிருக்கும்."
"காமிக்ஸ்ல சாமி இன்னாத்துக்கு?"

செருப்பு போட்டது நான். நசீமா தந்த தாளில் "வெறுங்காலோடு நடக்கிறாள்" என்றுதான் இருக்கிறது. எட்டு மணி நேரம் ஷூ பேட்டர்ன் வரைகிறவள் நான், அந்த மணலில் வெறுங்கால் வரைய மனம் வரவில்லை. பாப்பாவை அப்படி அனுப்புவேனா? படத்தைப் பார்த்து நசீமா சிரித்தாள். "அம்மனுக்கு இன்னா சைஸு?" பிறகு, "தப்பா எடுத்துக்க மாட்டாங்களா?" என்றாள். "எங்க சாமி, எனக்குத் தெரியாதா?" என்றேன். பெரிய இவள் மாதிரி.

குரூப்பில் "செருப்பு போட்டது நான்" என்று அடித்தேன். அழித்தேன். மூன்று தடவை.

வீட்டுக்காரர் ஜோலார்பேட்டை டூட்டியிலிருந்து போன். "நீ வாயத் தொறக்காத. அதுவா அடங்கிடும்."

மே 8, வியாழன்

அடங்கவில்லை. முப்பத்தேழு மெசேஜ்.

காலண்டரில் சாமி. ஊதுபத்தி அட்டையில் சாமி, பத்தி தீர்ந்தால் குப்பையில். பட்டாசின் மேல் லட்சுமியை ஒட்டி வெடித்துக் கிழிக்கிறோம், அப்போது யாருக்கும் மனம் புண்படவில்லை. பிள்ளைகள் கையில் வைத்துப் படிக்கிற காமிக்ஸில் மட்டும் கூடாதாம். வாயில் நன்றாக வருகிறது. ஆனால் நோட்டில்தான் எழுதுகிறேன், குரூப்பில் எழுதவில்லை. கோழை.

நசீமா வேலைக்கு வரவில்லை. சாயங்காலம் அவள் அண்ணன் கம்பெனி கேட்டில் நின்றிருந்தார்.

"அக்கா, தங்கச்சி பேரை எடுத்துடுங்கக்கா. நேத்து ரெண்டு பேர் வண்டில வந்து வீடு எதுன்னு விசாரிச்சிட்டுப் போயிருக்காங்க. எங்க அம்மி சோறே துன்னல. ஒரே பேஜாரா இருக்குது."

"எடுத்துடறேன்" என்றேன். செருப்பு போட்டது நான் என்று அவரிடமும் சொல்லவில்லை. "ரொம்ப தேங்க்ஸ்க்கா" என்றார். அந்த தேங்க்ஸ் இன்னும் காதில் இருக்கிறது.

மே 9, வெள்ளி

லீவு போட்டேன். கறுப்பு மார்க்கரால் அட்டையில் அவள் பெயரை அடிக்க உட்கார்ந்தேன். அவள் பாதுகாப்புக்குத்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். இருபத்திரண்டு முடித்தபோது அவளே கூப்பிட்டாள்.

"பேரை அடிக்கிறியாமே? அண்ணன் சொன்னான்."

"உனக்கு நல்லதுன்னுதான்..."

"பயமாதான் இருக்குது, இல்லன்னு சொல்லல. ஆனா செருப்பு போட்டது நான்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல?"

வைத்துவிட்டாள். மார்க்கரை மூடிவிட்டேன். பாப்பாவுக்குச் சாதம் ஊட்ட மறந்துவிட்டேன், அவளே வந்து கேட்டாள்.

மே 10, சனி

முனுசாமி மாமா வீட்டுக்கு வந்தார். "நான் சொன்ன கதையில செருப்பு கெடையாது. நாளைக்குப் பத்து மணிக்கு அந்தப் பொண்ணு கோயிலுக்கு வந்து மன்னிப்பு கேக்கட்டும். இல்லன்னா பசங்க ஸ்டேஷனுக்குப் போறேன்றாங்க."

எதிரில் நின்று கேட்டேன். காபி கொடுத்தேன். அவர் போன பிறகுதான் எனக்கு வாய் வந்தது.

வீட்டுக்காரரிடம் போனில் சொல்லிவிட்டேன், நாளைக்கு நான் பேசப்போகிறேன் என்று. "உன் இஷ்டம்" என்றார். கோபம்தான். இருக்கட்டும்.

நசீமா எழுதிய தாளைத் தேடி எடுத்தேன். அரிசி டப்பாவுக்கு அடியில் இருந்தது.

மே 11, ஞாயிறு

கோயில் வாசலில் இருபது பேர் இருக்கும். நசீமாவும் அண்ணனும் தள்ளி நின்றார்கள். வாசலுக்கு வருவதற்கு முன்பே செருப்பைக் கழற்றியிருந்தாள். சிமெண்டுத் தரை கொதிக்கிறது. காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள்.

அதைப் பார்த்ததும் மனப்பாடம் செய்தது எல்லாம் போய்விட்டது. "மாமா, செருப்பு போட்டது நான். அவ வெறுங்கால்னுதான் எழுதினா" என்று தாளை நீட்டினேன்.

மாமா தாளைப் படித்தார். ஒன்பதாம் பக்கத்தைப் புரட்டி ரொம்ப நேரம் பார்த்தார்.

"நீயாம்மா?"

"ஆமா மாமா."

"ஆத்தாவுக்குக் கால் சுடுமேன்னு போட்டியா?"

"ஆமா."

அவர் கண் கலங்கிவிட்டது. "அது பக்திம்மா! இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

அவ்வளவுதான். எல்லார் முகமும் இளகிவிட்டது. ஒருவன் "பக்கிள் ஜோரா இருக்குது" என்றான். இன்னொருவர் தன் மகளுக்கு ஒன்று வேண்டும் என்றார். மோர் கொடுத்தார்கள். அதே பக்கம், அதே செருப்பு.

"மாமா, நசீமாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க."

"அதான் முடிஞ்சிடுச்சேம்மா."

மோரோடு அவளிடம் ஓடினேன். குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"நெஜமாவே செருப்புன்னு நான் எழுதியிருந்தா, கலா?"

மோர் டம்ளரை நீட்டினேன். மோரை வாங்கி அண்ணனிடம் கொடுத்தாள், அவள் குடிக்கவில்லை. வண்டியில் ஏறிப் போய்விட்டாள். நூலகத்துக்கு வருவாளா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நாலு மணிக்குள் இருபத்திரண்டு அட்டையையும் சரி செய்ய வேண்டும். கம்பெனியில் பசை கரைக்கிற தின்னர் கொஞ்சம் வீட்டில் இருந்தது, பஞ்சில் நனைத்துத் துடைத்துப் பார்த்தேன். கறுப்போடு அவள் பெயரும் சேர்ந்து போகிறது.