குடும்பப் படம்

திங்கட்கிழமை

இனி யாருக்கும் படம் சிபாரிசு செய்ய மாட்டேன். போதும்.

கூட வேலை பார்க்கும் சௌந்தர் சாருக்கு ஒரு ஹங்கேரிப் படம் சொல்லியிருந்தேன். செத்துப்போன அப்பாவைச் சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்து, பிள்ளைகள் ஒவ்வொருத்தராக அவரிடம் சண்டை போடுவார்கள். என்ன மாதிரிப் படம் என்று கேட்டார். குடும்பப் படம் என்று மட்டும் சொன்னேன். குடும்பத்தைப் பற்றிய படம்தானே!

மனுஷன் நேற்று ஸ்ரீரங்கத்து வீட்டில் அப்பா, அம்மா, மனைவி எல்லோரையும் உட்காரவைத்துப் போட்டிருக்கிறார். இன்று ஸ்டாஃப் ரூமில் அத்தனை பேர் முன்னால் பிடித்துக்கொண்டார்.

"குடும்பப் படம்னு சொன்னீங்களே, ஜோசப்! பிணத்தைப் பார்த்ததும் அப்பா தீட்டுன்னு மறுபடி குளிக்கப் போயிட்டார்."

எல்லோரும் சிரித்தார்கள். பத்து நிமிஷம்கூடப் பார்க்கவில்லையாம். அதற்குள் தீர்ப்பு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"முழுசாப் பார்த்துட்டுப் பேசுங்க சார்."

"உங்க வீட்டுல எல்லாரும் பார்த்தாச்சா?"

"பார்த்தோமே" என்றேன்.

பொய். கதவைத் தாழ்ப்பாள் போட்டு, ஹெட்போன் மாட்டிக்கொண்டுதான் பார்த்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அப்பா இருந்தார். இப்போதும் இருமிக்கொண்டிருக்கிறார்.