உன் பேரில் நான் சொன்ன பொய்

பொழியூர்,
ஞாயிறு மத்தியானம்

அன்புள்ள மகள் ரெஜிஷாவுக்கு,

மாதாவின் தயவில் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், அந்த நொய்டா வெயிலில் உனக்கும் ஒரு குறையும் வராதிருக்கப் பூசையில் வேண்டிக்கொண்டுதான் வந்தேன். கடல் கோபமாகக் கிடப்பதால் அப்பா வள்ளம் இறக்கவில்லை, வலையைப் பிரித்துப்போட்டுத் தைத்துக்கொண்டிருக்கிறார். நித்தமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். சொல்ல வாய் வரவில்லை மக்கா, அவ்வளவு நாணக்கேடு.

சைபர் செக்யூரிட்டி சர்டிபிகேட் பரீட்சையில் தோற்றுவிட்டதாக நீ அழுதபோது, போகட்டும், இன்னொரு தடவை எழுதலாம் என்று உனக்குத் தைரியம் சொன்னேன் அல்லவா, அந்த வாரமே நம் குடும்பஸ்ரீ பெண்கள் குழுக் கூட்டத்தில் விஜயம்மா, உனக்க மவளுக்க பரீச்ச என்னாச்சு எமில்டா என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். தோற்றுப்போனாள் என்று சொல்ல நாக்கு எழவில்லை. பாஸாயிட்டா, கவர்மெண்டு ஜோலியும் கிட்டியாச்சு, சைபர் போலீஸாக்கும் என்று சொல்லிவிட்டேன். அந்தச் சர்டிபிகேட் கையில் வந்தால்தான் வேலைக்கு விண்ணப்பமே போட முடியும் என்று நீ எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய், தெரிந்தேதான் சொன்னேன். எல்லோரும் கை தட்டினார்கள், எனக்கும் அது பிடித்திருந்தது.

பிறகு ஒருநாள் நம் கூட்டத்து லேகா தன் மகள் தன்யாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். யாரோ தன்யாவின் போட்டோவை வைத்து அவள் பெயரில் கள்ளக் கணக்கு தொடங்கி, கூடப் படிக்கிறவர்களுக்கெல்லாம் அசிங்கமாக மெசேஜ் அனுப்புகிறார்களாம். பிள்ளை முகம் வீங்க அழுதிருந்தாள். எமில்டாக்கா, ரெஜிஷா போலீஸில்லியா, என்ன செய்யணும்னு ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க என்று லேகா என் கையைப் பிடித்தாள். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் அடுக்களைக்குப் போய் உன்னை அழைக்காமலே போனைக் காதில் வைத்துப் பேசுகிறமாதிரி நடித்தேன். திரும்பி வந்து, எல்லாத்தையும் அழிச்சிரச் சொன்னா, கண்ணுல படாம இருந்தா மனசு ஆறும்னு சொன்னா என்றேன். உன் பேரில் சொன்னதால் தன்யா நம்பினாள். சிநேகிதிகள் தங்களுக்கு வந்ததைப் படம் பிடித்து அனுப்பியது, மெசேஜ்கள் எல்லாவற்றையும் என் முன்னால் இருந்தே அழித்தாள்.

அது நிற்கவில்லை மக்கா. காலேஜில் பாடம் எடுக்கிறவருக்கும் மெசேஜ் போய், பிள்ளை காலேஜுக்குப் போக மாட்டேன் என்று படுத்துவிட்டாள். லேகா அவளை சைபர் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஒரு பெண் ஆபீசர் தெளிவு, அதாவது ஆதாரம், எங்கே என்று கேட்க, ரெஜிஷா மேடம் அழிக்கச் சொன்னாங்க என்று தன்யா சொல்ல, எந்த ஸ்டேஷன் ரெஜிஷா என்று அவர் கேட்டிருக்கிறார். லேகா அங்கிருந்து நேராக நம் வீட்டுக்கு வந்து உன் நம்பரைக் கேட்டாள். வாசலிலேயே நின்று எல்லாம் சொன்னேன். எனக்க பிள்ளைக்க காரியத்திலயா விளையாடினீங்க என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டாள். சத்தம்கூடப் போடவில்லை. அப்பா வலையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

மறுநாள் லேகாவும் தன்யாவும் திரும்ப ஸ்டேஷனுக்குப் போக ஏறிய பஸ்ஸில், கூப்பிடாமலே நானும் ஏறினேன். ஆபீசரிடம், என் மகள் போலீஸ் இல்லை, படித்துக்கொண்டிருக்கிற பிள்ளை, அழிக்கச் சொன்னது நான் என்றேன். அவர் ஏசவில்லை. ஒண்ணையும் அழிக்கப்பிடாது அம்மா, அதாக்கும் முதல் பாடம், மெசேஜ் கிட்டினவங்க யாராவது வச்சிருப்பாங்க, கேட்டுப் பாருங்க என்றார். தன்யாவுக்குப் போய்க் கேட்க வெட்கம். கூடப் படிக்கிற ஷீனாவின் வீடு காஞ்சிரங்குளத்தில், அங்கே தன்யாவோடு போய் நானே கேட்டேன். அந்தப் பிள்ளை ஒன்றையும் அழிக்காமல் வைத்திருந்தது. அதைக் கொடுத்த பிறகு கணக்கை முடக்கி, ஆளையும் கண்டுபிடித்துவிட்டார்கள், தெரிந்த பையன்தானாம். தன்யா இப்போது காலேஜுக்குப் போகிறாள், ஆனால் பழைய சிரிப்பு இல்லை. லேகா கூட்டத்தில் என் பக்கத்தில் உட்காருவதில்லை, அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

போன கூட்டத்தில் எழுந்து நின்று, ரெஜிஷா முதல் தடவை தோற்றுவிட்டாள், திரும்பவும் படிக்கிறாள் என்று சொன்னேன். விஜயம்மா, தோத்தா என்ன, ஒருக்காகூடி எழுதட்டு, இதுக்கா இவ்வளவு என்றாள். அதுதான் என்னை அதிகம் சுட்டது. நீ தோற்றதை வேறு யாரும் கேவலமாக நினைக்கவில்லை, பெற்ற நான்தான் நினைத்திருக்கிறேன்.

ராத்திரியெல்லாம் முழித்திருந்து படிக்காதே, நேரத்துக்குச் சாப்பிடு. தன்யாவுக்கு உன் நம்பரைக் கொடுத்திருக்கிறேன், அழைத்தால் நல்லபடியாகப் பேசு, அவளுக்கு உன்மேல் கோபம் இல்லை. என்னை ஏச வேண்டுமென்றால் ஏசு, ஆனால் நான் அழைக்கும்போது எடுக்காமல் மட்டும் இருந்துவிடாதே. அடுத்த பரீட்சையில் ஜெயித்தாலும் தோற்றாலும் எனக்குச் சொல்லு மக்கா. உள்ளதை உள்ளபடி ஊரில் சொல்லுவேன். வேளாங்கண்ணி மாதா உன் தலைமேல் கை வைத்துக் காக்கட்டும்.

உன்னிடம் முகம் காட்டக் கூசும்
அம்மா எமில்டா