ஆயில் மாற்றிய விவரம், உன் அம்மாவிடம் சொல்வதற்கு

ஏழாயிரம்பண்ணை,
புதன்கிழமை

அன்பு மகள் பொன்மணிக்கு அப்பா எழுதுவது. புனேயில் நீ சுகமாக இருக்கிறாய், வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே நான் சுகம், உன் அம்மா சுகமில்லை. சனிக்கிழமையிலிருந்து நான் போட்ட போன் ஒன்றையும் நீ எடுக்கவில்லை, அப்பனோடு பேசப் பிடிக்கவில்லை என்றால் போகட்டும், இதையாவது படி. பக்கத்து வீட்டு மாரிசெல்வி கம்பெனி விட்டு வந்ததும் இந்தத் தாள்களைப் படம் எடுத்து உனக்கு அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். நேற்று செவ்வாய்க்கிழமை உன் அம்மா டயாலிசிஸுக்குப் போகவில்லை. கால் இரண்டும் வீங்கி, விரலால் அமுக்கினால் குழி அப்படியே நிற்கிறது, படுத்தால் மூச்சு வாங்குகிறது என்று சுவரில் சாய்ந்தே இருக்கிறாள். விருதுநகர் ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் போனில் கேட்டேன், வெள்ளிக்கிழமையும் கூட்டி வராவிட்டால் தண்ணீர் நுரையீரலில் ஏறிவிடும், அப்புறம் என்னைக் கேட்காதீர்கள் என்று சொல்லிவிட்டார். வெள்ளிக்கு இன்னும் இரண்டு நாள் கூட முழுசாக இல்லை தாயி.

போன வெள்ளிக்கிழமை நடந்ததை அவள் உன்னிடம் எப்படிச் சொன்னாளோ தெரியாது, நான் ஒளிக்காமல் எழுதுகிறேன். கார் ஆயிலை எப்போதும் நானே மாற்றுகிறவன் என்பது உனக்குத் தெரியும், யாரும் சொல்லித் தந்து கற்றதில்லை, கழற்றிப் பார்த்துக் கற்றேன். பட்டாசுக் கம்பெனியில் மருந்து அறைப் போர்மேனாக முப்பத்தொரு வருஷம் இருந்தவன் கையில் இரும்பு ஏறாது. அள்ளுகிற கரண்டியிலிருந்து திருகுகிற ஸ்பேனர் வரை எல்லாம் பித்தளைதான், இரும்பில் இரும்பு உரசித் தீப்பொறி வந்தால் என்ன ஆகும் என்று அள்ளிப் போட்ட உடம்புகளைப் பார்த்தவன் நான். வீட்டிலும் அதே பழக்கம். வாய் அகன்றுபோன அந்தப் பித்தளை ஸ்பேனர் வழுக்கி வழுக்கி, எஞ்சின் அடியில் ஆயிலை இறக்குகிற போல்ட்டின் தலை மழுங்கிப் போனது. பதிலுக்கு லேத்துப் பட்டறையில் பித்தளையிலேயே ஒரு போல்ட் கடைந்து வாங்கி மாட்டினேன். போன பொங்கலுக்கு வந்தபோது நீ என் டூல் பெட்டியைத் திறந்து, அப்பா இது காருக்கு ஆகாதுப்பா, பித்தளை மரை தேஞ்சிரும் என்று சொன்னாய். நீ கார் கம்பெனியில் புதுக் காரைப் பார்க்கிறவள், பழைய காரைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று நான் சொன்னேன். சொன்னது நான்தான், இல்லை என்று சொல்லமாட்டேன்.

அன்றைக்கு டயாலிசிஸுக்குப் போகும்போது, சாத்தூர் தாண்டி நாலுவழிச் சாலையில், ஸ்டீயரிங் முன்னால் இருக்கிற ஆயில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஏங்க, அது என்னமோ சிவப்பா எரியுதே என்று அவள் கேட்டாள். அது சும்மா எரியும், நீ பேசாம வா என்றேன். கொஞ்ச தூரத்தில் எஞ்சின் கடகடவென்று அடித்தது, அணைத்துவிட்டு இறங்கிப் பார்த்தால் போல்ட் எங்கோ கழன்று விழுந்திருக்கிறது, ஆயில் ஒரு சொட்டு கிடையாது. ஒதுங்க ஒரு மரம் இல்லாத இடத்தில் ஒன்றரை மணி நேரம் அவளை வெயிலில் நிற்க வைத்துவிட்டேன். சாத்தூர் மெக்கானிக் வேலுச்சாமி வேனைக் கொண்டுவந்து கட்டி இழுத்தான். அண்ணாச்சி, பித்தளையில பூசை மணி செய்யலாம், கார் போல்ட்டு செஞ்ச ஆளு இந்த ஜில்லாவுல நீங்க ஒருத்தருதான் என்று உன் அம்மா முன்னாலேயே சிரித்தான். எஞ்சினைத் திறக்காதே, வண்டியை வீட்டில் விட்டுப் போ என்று சொல்லிவிட்டேன். மறுநாள் அவளைப் பஸ்ஸில் கூட்டிப்போனேன், ஆஸ்பத்திரியில் தயவு பண்ணி இடம் கொடுத்தார்கள், திரும்பும்போது சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் மயங்கி விழுந்தாள். அன்றைக்குத்தான் நீ போனில், அம்மாவைக் கொல்லப் பாக்கீகளா என்று கத்திவிட்டு வைத்தாய். பெற்ற மகள் அப்படிக் கேட்டுவிட்டாள் என்பது எனக்கு ஆறவில்லை, ஆறவும் ஆறாது, ஆனால் அதை இப்போது பேசப் போவதில்லை.

இப்போது அவள் பஸ் வேண்டாம் என்கிறாள், கார் வேண்டாம் என்கிறாள். ஆம்புலன்ஸைக் கூப்பிடட்டுமா என்றால், அதுல என்னைய ஏத்துனா மாடத்தி செத்துட்டாள்னு ஊரே வந்து நிக்கும், நான் இங்கனயே கெடந்து போறேன் என்கிறாள். தீபாவளி சீசன் என்பதால் ஊரில் இருக்கிற வேன் எல்லாம் விடியும் முன்னே கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றப் போய்விடுகின்றன. நம் காரைச் சரியாக்கி நிறுத்தியிருக்கிறேன், அதை அவள் நம்பவில்லை. பொன்மணி பார்த்துச் சொன்னா ஏறுதேன், உங்க பேச்சைக் கேட்டு ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். ஆகையால் செய்ததை அப்படியே எழுதுகிறேன், உன் கம்பெனியில் வேலையைச் சரிபார்க்கிற மாதிரி பார்.

ஞாயிற்றுக்கிழமை சாத்தூரில் இரும்பு போல்ட், செம்பு வாஷர், புது பில்டர், பதினேழாம் நம்பர் இரும்பு ரிங் ஸ்பேனர் எல்லாம் வாங்கினேன். சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கல் கொடுத்தேன். ஜாக்கியை மட்டும் நம்பாமல் இரண்டு ஸ்டாண்டு வைத்து, வண்டியை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடியில் போனேன். வாளியில் மணல் பக்கத்தில் இருந்தது, அதற்கு நீ சிரித்தாலும் சரி. போல்ட் துளையின் உள் மரையைத் துடைத்துப் பார்த்தேன், அது எஃகு, தேயவில்லை, பித்தளைதான் தேய்ந்திருக்கிறது. இரும்பு போல்ட்டை முதலில் கையாலேயே முழுசும் ஏற்றி, கோணலாக ஏறவில்லை என்று தெரிந்த பிறகு ஸ்பேனர் போட்டு இறுக்கினேன், உன்னி உன்னி இறுக்கவில்லை. பழைய பில்டரைக் கழற்றியபோது அதன் ரப்பர் வளையம் எஞ்சினில் ஒட்டிக்கொள்ளாமல் கூடவே வந்ததா என்று பார்த்தேன், வந்தது. புது பில்டர் வளையத்தில் ஆயில் தடவிக் கையால் திருகி, ரப்பர் தொட்ட பிறகு முக்கால் சுற்று. மூன்று லிட்டருக்குக் கொஞ்சம் குறைத்து ஊற்றி, ஆயில் மட்டம் பார்க்கிற குச்சியை இழுத்துப் பார்த்து, இரண்டு கோட்டுக்கு நடுவில் வரும்வரை சேர்த்தேன். ஸ்டார்ட் பண்ணி மூன்று எண்ணுவதற்குள் சிவப்பு விளக்கு அணைந்தது. சாத்தூருக்கு இரண்டு தரம் போய்வந்தேன், கடகட சத்தம் இல்லை. அடியில் விரித்த பேப்பர் நேற்று காலையிலிருந்து சாயந்தரம் வரை காய்ந்தே கிடந்தது.

ஒன்று மட்டும் எனக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஊற்றிய ஆயிலைத் திங்கட்கிழமை சூடாக இருக்கும்போதே மறுபடி இறக்கி, பழைய வேட்டித் துணியில் வடிகட்டிப் பார்த்துவிட்டுத்தான் வேறு புது ஆயில் ஊற்றினேன். துணியில் பொடி மாதிரி மினுமினுப்பு நின்றது, சிட்டிகை அளவு இருக்கும், காந்தத்தில் ஒட்டவில்லை. வாழ்நாளெல்லாம் அலுமினியப் பொடியைப் பார்த்த கண்ணுக்கு, இது கழன்ற போல்ட்டின் பித்தளைத் தூளா, எஞ்சின் உள்ளே தேய்ந்து வந்ததா என்று சொல்லத் தெரியவில்லை. அந்தத் துணியையும் வெயிலில் விரித்து மாரிசெல்வி படம் எடுப்பாள். பெரிதாக்கிப் பார். அந்த ஒன்றரை மணி நேரம் திரும்ப வந்தால் அவள் உடம்பு தாங்காது, அதனால் என் மனசு நோகுமே என்று பார்க்காமல் உள்ளதைச் சொல்.

சரி என்றால் அவளுக்குப் போன் போட்டு ஏறச் சொல். சரியில்லை என்றால் அதையும் நேராக அவளிடமே சொல். நான் வேலுச்சாமி பட்டறை வாசலில் போய் நின்று, உன் வேனில் கொண்டுபோய் விடப்பா என்று கேட்கிறேன். அவன் கொண்டுபோகிறேன் என்று முன்னமே சொன்னான், நான்தான் மூஞ்சியில் அடித்த மாதிரி பேசி அனுப்பிவிட்டேன். சிரிப்பான், சிரித்துக்கொள்ளட்டும். அவன் ஓட்டட்டும், நான் பின்னால் அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு வருகிறேன். எந்த வண்டி என்பதை நீ சொல், எந்த வண்டியானாலும் நீ ஏறச் சொன்னால்தான் அவள் ஏறுவாள்.

நீ நோய்நொடி அண்டாமல் நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும், பத்திரகாளி உனக்குத் துணை இருப்பாள். வெள்ளி காலை ஐந்தரைக்குப் புறப்பட வேண்டும், நாளைப் பொழுது சாய்வதற்குள் போன் போடு. என் நம்பருக்குப் போட வேண்டாம், அம்மா நம்பருக்கே போடு.

இப்படிக்கு,
உன் அப்பா
நாகையா