முழுக்கை சட்டை

மார்ச் 4
வலது கண்ணில் ஒரு கருப்புப் புள்ளி. ஈ என்று நினைத்து இரண்டு முறை விரட்டினேன். நான் வேலை பார்க்கும் மொபைல் ரிப்பேர் கடை முதலாளி பார்த்துவிட்டார். "என்னடா, காத்துல கராத்தே போடுற?"

மார்ச் 6
ஒரு புள்ளி இல்லை, கூட்டமே பறக்குது. கண் சிவந்து வலி. ஸ்க்ரூ ஓட்டையில் உட்காரவில்லை, ஒரு டிஸ்ப்ளே காலி. போன வாரக் காய்ச்சலும் விட்டபாடில்லை. போதை ஊசி போடுவதில் எனக்குக் கூட்டாளி 'ஒல்லி'. அவனிடம் சொன்னேன். "தூக்கமில்லடா, வேறென்ன" என்றான். அப்படித்தான் இருக்கும்.

மார்ச் 7
அக்கா கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள். டாக்டரம்மா கேட்டார்: "தம்பி, ஊசி போட்டுக்குற பழக்கம் ஏதாவது?" அக்கா பக்கத்திலேயே நிற்கிறாள்! "சீச்சீ, இல்ல மேடம்."
வீக்கத்துக்குச் சொட்டு மருந்து. இன்றைக்கே ரத்த டெஸ்ட். ரத்தம் எடுக்கணும்னா சட்டைக் கையை மடிக்கணுமே? அக்காவை டீ வாங்க அனுப்பினேன். வந்ததும், எடுக்காமலே "எடுத்தாச்சு" என்றேன். நான் யாரு!

மார்ச் 10
காலையில் இடது கண்ணைப் பொத்திப் பார்த்தேன். எதிரே அக்கா. குரல் இருக்கு, முகம் இல்ல. என்னடா இது... என்னடா இது!
ஆஸ்பத்திரிக்கு ஓடி டாக்டரம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன், அக்கா முன்னாடியே. சட்டைக் கையையும் மடிச்சுக் காட்டினேன்.
டாக்டரம்மா திட்டவில்லை. "ஊசி வழியா ரத்தத்துல கிருமி போயிருக்கு. ரத்தம் போற இடமெல்லாம் அதுவும் போகும். கண்ணுல உக்காந்துடுச்சு. அன்னைக்கே சொல்லியிருந்தா..."
நான் குத்தினது கையிலங்க! கையில!
அக்கா என் தழும்புகளையே பார்த்தாள். "இந்த வெயில்லயும் முழுக்கை எதுக்குடான்னா, ஸ்டைலுன்னு சொன்னியே." அதோடு சரி. நாலு அறை விட்டிருந்தால் தேவலை.

மார்ச் 11
கண்ணுக்குள்ளேயே ஊசி. மரத்துப்போக மருந்து விட்டுத்தான் போட்டார்கள். தினம் நானே குத்திக்கொண்டவன், கட்டிலைப் பிடித்த பிடியை விடவில்லை. இதயத்தையும் ஸ்கேன் பண்ணணுமாம். இதயமுமா?

மார்ச் 13
இதயத்தில் ஒன்றுமில்லை. போதை ஊசி நின்றதில் உடம்பு முறுக்குது, வியர்க்குது. அதற்கும் மாத்திரை தருகிறார்கள்.

மார்ச் 19
வெளிச்சம் தெரியுது, இருட்டு தெரியுது. வலது கண்ணுக்கு அவ்வளவுதான், இனிமேலும். "இருக்குற கண்ணப் பார்த்துக்கோ" என்றார் டாக்டரம்மா.
சாயங்காலம் ஒல்லி போன். சிரிச்சுக்கிட்டே சொல்றான்: "மச்சி, எனக்கும் ஈ பறக்குதுடா."
"உடனே கிளம்பி இங்க வாடா!" என்று கத்தினேன். வார்டே திரும்பிப் பார்த்தது.

மார்ச் 20
ஒல்லி வந்தான். முழுக்கை சட்டை. டாக்டரம்மா அறை வாசலில், "பழக்கம் இல்லன்னு சொல்லிக்கலாம்டா, எங்கப்பா வெளிய நிக்கிறாரு" என்று கிசுகிசுத்தான்.
நானே மடித்துவிடலாம் என்று அவன் கைப் பட்டனைப் பிடிக்கப் போனேன். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் தெரியாமல், விரல் அரை சாண் முன்னாடியே காற்றைப் பிடித்தது. மறுபடியும் காற்று.
அவன் என் கையைப் பார்த்தான். என் கண்ணைப் பார்த்தான்.
பட்டனை அவனே கழற்றினான்.