புகைபோக்கிச் சுவரில் ஒட்டிய காகிதங்கள்

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நீங்கள் கண்மூடிப் போய்ச் சேர்ந்த இடத்தில் குளிர் இல்லையென்று நம்புகிறேன். நுவரெலியாவில் ஏப்ரல் சீசன் நெருங்குகிறது. நீங்கள் வாச்சராகக் காவல் இருந்த பங்களாவுக்கு வெள்ளையடிக்கிறார்கள். சுவரில் ஓடும் மரச் சட்டங்களுக்குக் கறுப்புப் பூச இந்த முறை நான்தான் நின்றேன்.

எதிர் வீட்டை இடித்துவிட்டார்கள். அந்தக் கூரான கூரை, கலர்க் கண்ணாடி ஜன்னல், ஒன்றும் மிச்சமில்லை. வெள்ளைக்காரன் கட்டியதை எடுத்துவிட்டு ஒரு கொங்கிரீட் பெட்டியை எழுப்புகிறார்கள். அடுத்தது நம்முடைய பங்களாதானோ? இந்தப் பின்கட்டு அறையை விட்டால் எனக்கு ஏது போக்கிடம்? தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டைத் தம்பிக்கு விட்டுவிட்டுத்தானே வந்தோம்?

பங்களா முதலாளி நல்லவர்தான். "வெடிப்பு கூடலன்னு இன்ஜினியர் சொன்னா வீடு நிக்கும் ரோசம்மா. கூடியிருந்தா நான் என்னா செய்ய?" என்றார். இன்ஜினியர் நாளை வருகிறார்.

புகைபோக்கிச் சுவரில் இருக்கிறதே, அந்த வெடிப்புதான். அதன் குறுக்கே கோதுமை மாப் பசையில் ஒரு காகிதத் துண்டை ஒட்டி வைப்பீர்கள். சுவர் அசைந்தால் காகிதம் கிழியும். "கிழியல புள்ள, பயப்படாத" என்று சிரிப்பீர்கள். நானும் நம்பி, விருந்தாளிகளுக்கு அந்த அறையில்தான் நெருப்பு மூட்டிக் கொடுத்தேன்.

இன்று காலை பழைய சுண்ணாம்பைச் சுரண்டினேன். பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே உங்கள் காகிதங்கள், ஒன்றின்மேல் ஒன்றாக. வெளியே தெரிந்தது மட்டும் முழுசு. மற்றதெல்லாம் நடுவில் கிழிந்திருந்தது.

உங்களுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது, இல்லையா? கிழியக் கிழிய மேலே சுண்ணாம்பைப் பூசிப் புதுசு ஒட்டியது யாருக்காக? நான் தெருவில் நிற்கக் கூடாதென்றா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மனுசனே, உங்களைத் திட்டத்தான் உட்கார்ந்தேன், அழுகை வருகிறது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மத்தியானம் நானும் பசை காய்ச்சினேன். காகிதமும் வெட்டினேன். ஒட்டப் போகும்போது, மேல்மாடியில் வாடகைக்குத் தங்கியிருக்கும் கொழும்புக் குடும்பத்தின் பிள்ளைகள் குதித்தார்கள். பலகைத் தளம் அதிர, வெடிப்பிலிருந்து தூள் என் கையில் கொட்டியது.

அவர்களை உடனே முன்னறைக்கு மாற்றிவிட்டேன். பசையையும் வெளியே கொட்டிவிட்டேன்.

நாளை எல்லாவற்றையும் இன்ஜினியருக்குக் காட்டுவேன். முட்டுக் கொடுத்தாவது நிறுத்த முடியுமா என்று கெஞ்சிக் கேட்பேன். வீடு நிற்குமா, நான் எங்கே நிற்பேன், தெரியாது. ஆனால் நீங்கள் ஒட்டியதன்மேல் இன்னொன்றை ஒட்டமாட்டேன். இது சத்தியம்.

உங்கள் பொய்யில் இத்தனை காலம் குளிர்காய்ந்த
மனைவி ரோசம்மா