இதில் எதையும் மாட்டக் கூடாது

கோலாரிக் குழாய் வேலைகள்,
மார்ஷ் ஃபோர்ட், அயோவா.
மே 11, 1998

மதிப்பிற்குரிய திருமதி வெனபிள் அவர்களுக்கு,

எல்ம் தெருவில் ஃப்ராட்டர்னிட்டி என்கிற கல்லூரிப் பையன்கள் சங்கத்தின் விடுதியில், தீப்பிடித்தால் தண்ணீர் கொட்டும் ஸ்பிரிங்க்ளர் தெளிப்பான்கள் பொருத்தும் வேலை எங்களுக்குக் கிடைத்திருக்கிறது. பையன்கள் பரீட்சை முடிந்து ஊருக்குப் போன மறுநாள், பத்தொன்பதாம் தேதி, ஆட்கள் வருவார்கள். ஆகஸ்டில் அவர்கள் திரும்புவதற்குள் முடித்தாக வேண்டும். எழுபது வருஷத்து மரவீடு. எல்லா அறையிலும் சீலிங்கைத் துளைப்போம். தூசி பறக்கும். காலை ஏழு மணிக்கே சத்தம் ஆரம்பிக்கும்.

அங்கே தங்கிப் பையன்களைப் பார்த்துக்கொள்ளும் விடுதி அம்மா நீங்கள்தான் என்று விடுதியை நடத்தும் பழைய மாணவர்கள் சங்கத்தின் தலைவர், பல் டாக்டர் க்ரல் சொன்னார். நான் வேலை செய்த மற்ற விடுதிகளில் அந்த அம்மாக்கள் கோடையில் தங்கள் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். நீங்களும் பத்து வாரம் எங்காவது போய் இருந்தால் உங்களுக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது. உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
எமில் கோலாரிக்


எல்ம் தெரு, ஹார்லோ பெண்ட்
மே 15, 1998

திரு. கோலாரிக் அவர்களுக்கு,

உங்கள் யோசனைக்கு நன்றி. ஆனால் எனக்குப் பிள்ளைகள் இல்லை. என் கணவர் இறந்த வருஷமே இந்த வேலைக்கு வந்தேன். பத்தொன்பது வருஷமாகக் கோடையிலும் இங்கேதான். தூசியோடு இருந்துகொள்கிறேன்.

மூன்று விஷயம் சொல்ல வேண்டும். மாடி உச்சியில் ஒரு கூடம் இருக்கிறது. நாற்பத்திரண்டு பையன்களும் அங்கேதான் வரிசைக் கட்டிலில் தூங்குகிறார்கள். பனி கொட்டினாலும் ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் தூங்குவார்கள், அது இந்த வீட்டு வழக்கம். இறங்க ஒரே படிக்கட்டு. வருஷம் முழுக்க நான் படுக்கும்போது அந்தப் படிக்கட்டைத்தான் நினைக்கிறேன். அதை முதலில் கவனியுங்கள்.

இரண்டாவது, என் அறை சீலிங்கின் நடுவில் சுண்ணாம்பில் செய்த ஒரு பூவளையம் இருக்கிறது. இந்த வீட்டில் எனக்கென்று பார்க்க இருப்பது அது ஒன்றுதான். தயவுசெய்து அதைத் துளைக்காதீர்கள்.

மூன்றாவது, எதுவானாலும் கடிதம் போடுங்கள். இங்கே தொலைபேசி படிக்கட்டுக்கு அடியில். எப்போதும் யாராவது படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருப்பார்கள். பழகிப்போய் இப்போது வீடு காலியாக இருந்தாலும் எனக்கு அதில் பேச வரவில்லை.

மரியாதையுடன்,
ஆர்டித் வெனபிள்


ஓமஹா சாலை மோட்டல், அறை 6
ஜூலை 3, 1998

அன்புள்ள ஆர்டித் அவர்களுக்கு,

நேற்று நீங்கள் கொடுத்த, ருபார்ப் தண்டு வைத்துச் சுட்ட இனிப்பில் பாதியை இங்கே இன்று காலை தின்றேன். மூன்று ஊரில் வேலை நடக்கிறது. ஹார்லோ பெண்டுக்கு வியாழக்கிழமை மட்டும்தான் வருகிறேன். அது அங்கே வேலை பார்க்கும் என் ஆள் ரஸ்ஸலின் வேலையைச் சரிபார்க்க. போன வியாழன் அவன் கேட்டான்: "முதலாளி, வழக்கமா பத்து நிமிஷத்துல பாத்துட்டுக் கிளம்பிருவீங்க. இப்ப மூணு மணி நேரமா அப்படி என்னத்தப் பாக்குறீங்க?" குழாயைப் பார் என்று சொன்னேன்.

உச்சிக் கூடம் முடிந்தது. அங்கே தண்ணீர் நிறைந்த குழாய் போட்டால் உங்கள் பையன்கள் திறந்து வைக்கும் ஜன்னலுக்கு ஜனவரியில் உறைந்து வெடிக்கும். அதனால் காற்று அடைத்த குழாய். தெளிப்பான் திறந்தால்தான் தண்ணீர் ஏறும். இனி படுக்கும்போது வேறு எதையாவது நினையுங்கள்.

உங்கள் பூவளையத்தைத் தொடவில்லை. தெளிப்பானை சீலிங் நடுவில் வைப்பதுதான் என் வழக்கம். முப்பது வருஷத்தில் யாருக்காகவும் மாற்றியதில்லை. உங்களுக்காகப் பக்கச் சுவரில், அலமாரிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். சட்டத்துக்கு அது போதும். என் மனசுக்குப் போதாது, ஏனென்றால் கைக்கு எட்டும் உயரம்.

ஆகையால் ஒன்று. தெளிப்பானின் நடுவில் சிவப்புத் திரவம் அடைத்த சின்னக் கண்ணாடிக் குமிழ் இருக்கும். தீயின் சூட்டில் அது உடைந்தால் தண்ணீர் கொட்டும். சூடு பட்டது மட்டும்தான் திறக்கும், வீடு முழுக்க அல்ல. ஆனால் அது பார்ப்பதற்குக் கொக்கி மாதிரியே இருக்கிறது. ஒரு பெண்கள் விடுதியில் ஒருத்தி நடனத்துக்குப் போகிற கவுனை ஹேங்கரோடு அதில் மாட்டினாள். குமிழ் உடைந்து மூன்று மாடியும் நனைந்தது. ஒவ்வொன்றுக்கும் கீழே "இதில் எதையும் மாட்டக் கூடாது" என்று ஒட்டிவிட்டேன். உங்கள் அறையிலும்.

என் மனைவி விளாஸ்டா போய் ஆறு வருஷம். அதற்குப் பிறகு மதியச் சாப்பாட்டை நான் உட்கார்ந்து சாப்பிட்டது இந்தக் கோடையில்தான். அடுத்த முறை கசகசா வைத்த கோலாச்சி ரொட்டி கொண்டுவருகிறேன். எங்கள் ஊர் செக் பேக்கரிக்காரி எனக்கு மட்டும் புதிதாகச் சுட்டதைக் கொடுப்பாள்.

அன்புடன்,
எமில்


எல்ம் தெரு, ஹார்லோ பெண்ட்
ஆகஸ்ட் 20, 1998

அன்புள்ள எமில்,

இன்று வியாழக்கிழமை. வேலை முடிந்துவிட்டது என்று தெரிந்தும் இரண்டு தட்டு வைத்துவிட்டேன்.

பையன்கள் வந்துவிட்டார்கள். நேற்று எல்லாரையும் சாப்பாட்டுக் கூடத்தில் நிற்க வைத்து ஒவ்வொருத்தனையும் சொல்ல வைத்தேன்.

"மம்மி, சட்டை மாட்டக் கூடாது, சரி. ஈரத் துண்டு?"

"கூடாது."

"தொப்பி? தொப்பி வெயிட்டே இல்லையே!"

"டேய், உன் தலையையே மாட்டினாலும் கூடாது."

"அவன் தலையும் வெயிட் இல்ல மம்மி!" என்று பின்னாலிருந்து ஒருவன். அரை மணி நேரம் சிரிப்பு. ஆனால் கற்றுக்கொண்டார்கள்.

ஒரு விஷயம் கேட்கலாமா? அக்டோபர் 17 சனிக்கிழமை மாலை இங்கே சங்கம் தொடங்கிய நாள் விருந்து. விடுதி அம்மா யாருடைய கையையாவது பிடித்துக்கொண்டுதான் கூடத்துக்குள் நுழைய வேண்டும், அதற்கு முன் ஒருவரும் உட்கார மாட்டார்கள். வருஷா வருஷம் மாணவர் தலைவன்தான் என்னைக் கூட்டிப் போவான். பத்தொன்பது பேர் ஆகிவிட்டது. எல்லாருக்கும் கல்யாணம் ஆகி, பாதிப் பேருக்கு வழுக்கை. இந்த வருஷம் நானே ஒருவரைக் கூட்டி வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். மேசையே அதிர்ந்தது. "யாரு மம்மி? யாரு?" என்று கத்துகிறார்கள். வருவீர்களா?

ஆர்டித்


மார்ஷ் ஃபோர்ட்
ஆகஸ்ட் 25, 1998

அன்புள்ள ஆர்டித்,

வருவேன். கறுப்புக் கோட்டு ஒன்று வாங்கிவிட்டேன். கடைக்காரன், "சாவுக்கா, கல்யாணத்துக்கா?" என்றான். "சாப்பாட்டுக்கு" என்றேன்.

விருந்து முடிந்ததும் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். கடிதத்தில் கேட்கிற விஷயம் இல்லை. படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் போனில் கேட்கிற விஷயமும் இல்லை.

எமில்


மார்ஷ் ஃபோர்ட்
அக்டோபர் 18, 1998

அன்புள்ள ஆர்டித்,

நேற்று ஆறு மணிக்கு வண்டியை நிறுத்தும்போது நாற்பத்திரண்டு பேரும் கோட்டும் டையுமாகப் புல்வெளியில் நின்றார்கள். தீயணைப்பு வண்டி நின்றது. நீங்கள் யாரோ ஒரு பையனின் மேலங்கியைப் போர்த்திக்கொண்டு கல் மாதிரி நின்றீர்கள். பக்கத்தில் வந்தேன். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

க்ரல் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "என்னய்யா கோலாரிக், தீயே இல்லாம தண்ணி கொட்டுது. சொத்தைச் சரக்கை மாட்டிட்டீரா?" சொத்தை பல் டாக்டரின் தொழில் என்று வாய் வரை வந்தது. பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று உள்ளே போனேன்.

கொட்டியது உங்கள் அறையில். மாசக்கணக்கில் குழாயில் கிடந்த கறுப்புத் தண்ணீர். படுக்கை, கம்பளம், கீழே சாப்பாட்டுக் கூடத்தில் விரித்த வெள்ளை விரிப்பு, எல்லாம் போச்சு. உடைந்த தெளிப்பானைக் கழற்றினேன். அதன் கம்பியில் நீல நூல் ஒன்று சிக்கியிருந்தது. அலமாரிக்கு அடியில் வளைந்த ஹேங்கர். இரண்டையும் என் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். வேறு யாரும் பார்க்கவில்லை.

இன்று க்ரலுக்குக் கடிதம் எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். சரக்கில் பழுதில்லை, வைத்த இடம் தப்பு, தப்பு என்னுடையது என்று. இதில் பொய் எதுவும் இல்லை. கைக்கு எட்டாத இடத்தில் வைத்திருந்தால் இது நடந்திருக்காது. நீங்கள் வாய் திறக்க வேண்டாம். எனக்கு உங்கள் தெருவில் அடுத்துப் பேசிவைத்திருக்கும் மூன்று விடுதி வேலை போனால் வேறு தெரு இருக்கிறது. உங்களுக்கு இந்த ஒரு வீடுதான்.

எமில்


எல்ம் தெரு
அக்டோபர் 20, 1998

அன்புள்ள எமில்,

உங்கள் கடிதம் இன்று மதியம் வந்தது. அதற்கு முன்பே, நேற்றுக் காலைத் தபாலில், க்ரலுக்கு நானும் எழுதிவிட்டேன்.

நடந்தது இதுதான். நீல உடை பன்னிரண்டு வருஷம் பெட்டியில் கிடந்தது. மடிப்புக் கோடு போகவில்லை. குளியலறையில் வெந்நீர் திறந்து ஆவியில் காட்டி, கோடு போயிற்றா என்று வெளிச்சத்தில் பார்க்க எங்காவது மாட்ட வேண்டும். கை தானாகப் போயிற்று. நாற்பத்திரண்டு பேருக்குப் பாடம் சொன்ன கை. மாட்டிய பிறகுதான் உங்கள் ஒட்டுத்தாள் கண்ணில் பட்டது. எடுக்கப் போனேன், ஹேங்கர் சிக்கிக்கொண்டது, இழுத்தேன்.

அதைக்கூட மன்னித்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை க்ரல் வந்து எல்லாரையும் உட்கார வைத்துக் கேட்டார்: "யாருடா அம்மா ரூமுக்குள்ள போனது? இப்பவே சொல்லிட்டா நல்லது." ஒருவனும் பேசவில்லை. நானும் பேசவில்லை. பையன்கள் ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டார்கள். நான் அவர்களுக்கு சூப் ஊற்றிக்கொண்டிருந்தேன். ராத்திரி முழுக்க அந்தக் கரண்டிதான் கண்ணில் நின்றது. அதனால் எழுதினேன்.

உங்களை அன்று நிமிர்ந்து பார்க்காததற்குக் காரணம் தெரிந்திருக்கும்.

ஆர்டித்


மார்ஷ் ஃபோர்ட்
நவம்பர் 1, 1998

அன்புள்ள ஆர்டித்,

க்ரல் போன் செய்தார். நம் இரண்டு கடிதமும் அவர் கையில் ஒரே நாளில் கிடைத்ததாம். "ரெண்டு பேருமே நான்தான்னு எழுதியிருக்கீங்க. சீட்டுக் குலுக்கியா போடுறது? அதுக்கு ரெண்டு பேரையுமே அனுப்பிட்டாப் போச்சு" என்றார். அப்படியே செய்தும்விட்டார். உங்கள் தெருவின் அந்த மூன்று விடுதி வேலையும் வேறு ஆளுக்குப் போயிற்று. உங்களுக்கு டிசம்பர் வரை தவணை என்றும், அதற்குப் பிறகு மேனேஜர் என்று ஒரு சின்ன வயதுக்காரர் வருவதாகவும் சொன்னார்.

விருந்துக்குப் பிறகு கேட்க இருந்ததை இப்போது எழுத்தில் கேட்கிறேன். என் வீட்டுக்கு வந்துவிடுங்கள். கல்யாணம் செய்துகொள்ளலாம், வேண்டாமென்றால் சும்மா இருக்கலாம், ஊர் பேசினால் பேசட்டும். எதையும் விற்கும்போது அதன் குறையை முதலில் சொல்வது என் வழக்கம். வீடு சின்னது. ரயில் பக்கத்தில் போகும். நான் குறட்டை விடுவேன், மூன்று வேளையும் முட்டைதான் சமைக்கத் தெரியும், பேச்சு முரட்டுத்தனம். நிறை என்று சொல்ல, மேசைக்கு இரண்டு நாற்காலி இருக்கிறது.

இரக்கப்பட்டுக் கேட்கிறேன் என்று நினைக்காதீர்கள். கோட்டு வாங்கியது ஆகஸ்டில்.

எமில்


எல்ம் தெரு
நவம்பர் 27, 1998

அன்புள்ள எமில்,

நேற்று தேங்க்ஸ்கிவிங் பண்டிகை. பையன்கள் எல்லாரும் அவரவர் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார்கள். மேசைக் கோடியில் உட்கார்ந்து கோழித் துண்டு ஒன்றைச் சாப்பிட்டேன். உங்கள் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

நான் வரவில்லை.

கோபிக்காமல் படியுங்கள். அக்டோபர் பதினேழாம் தேதி கேட்டிருந்தால், சரி என்று சொல்லத்தான் அந்த உடையை எடுத்தேன். அன்று எனக்கு ஓர் அறை இருந்தது. அதை விட்டுவிட்டு உங்களிடம் வந்திருப்பேன். இன்று விடுவதற்கு எதுவும் இல்லை. இப்போது வந்தால், ஆசைப்பட்டு வந்தாளா, போக இடமில்லாமல் வந்தாளா என்று உங்களுக்கு ஒருநாளும் தெரியாது. எனக்கும் தெரியாது. பத்தொன்பது வருஷம் அடுத்தவர் வீட்டில் நல்லபடியாக நடந்துகொண்டே இருந்துவிட்டேன். அதையே உங்கள் வீட்டிலும் ஆரம்பித்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

டல்சாவில் என் தங்கை நியோலா இருக்கிறாள். அங்கே ஒரு பூக்கடையில் ஆள் கேட்கிறார்களாம். நானாக எழுதும்வரை எழுதாதீர்கள்.

ரஸ்ஸல் வந்து என் அறையில் புதுத் தெளிப்பான் வைத்துவிட்டுப் போனான். எங்கே வைக்க என்று கேட்டான். பூவளையத்தின் நடுவில் வை என்று சொன்னேன்.

ஆர்டித்


மார்ஷ் ஃபோர்ட்
மார்ச் 2, 1999

அன்புள்ள ஆர்டித்,

எழுத வேண்டாம் என்று சொன்னீர்கள். மூன்று மாதம் எழுதவில்லை. இது உங்களுக்குத் தெரிய வேண்டிய விஷயம், அதனால் டல்சாவில் உங்கள் தங்கை வீட்டுக்கு எழுதுகிறேன்.

பிப்ரவரி 21, ஞாயிறு விடியற்காலை எல்ம் தெரு வீட்டின் உச்சிக் கூடத்தில் தீப்பிடித்தது. எவனோ கட்டிலுக்குக் கீழே ஹீட்டர் போட்டிருக்கிறான். மெத்தை பற்றிக்கொண்டது. சரியாக அதற்கு மேலே இருந்த ஒரே ஒரு தெளிப்பான் திறந்தது. தீயணைப்பு வண்டி வருவதற்குள் அணைந்துவிட்டது. ஒரே படிக்கட்டு. நாற்பத்திரண்டு பேரும் நடந்தே இறங்கி வந்தார்கள். ஒருத்தனுக்கும் ஒரு கீறல் இல்லை.

க்ரல் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். மன்னிப்புக் கேட்கவில்லை, கையை மட்டும் குலுக்கினார். கிளம்பும்போது பையன்கள் வண்டியைச் சுற்றிக்கொண்டார்கள். "பனியில நிக்கும்போது நாங்களே தலை எண்ணினோம். மம்மி இருந்தா எண்ணுவாங்கல்ல. அவங்ககிட்ட யாராவது சொன்னீங்களா?" என்று கேட்டார்கள். நான் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். சொல்லிவிட்டேன். நாற்பத்திரண்டு, ஆர்டித். இரண்டு முறை எண்ணினார்களாம்.

இதற்குப் பதில் வேண்டும் என்று இல்லை.

இன்னொன்று. நவம்பரில், உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே, பின் அறைச் சுவரில் கொக்கிகள் அடித்துவிட்டேன். பித்தளை. ஆறு. நல்ல தேக்குப் பலகையில், எடை தாங்கும்படி. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் மாட்டலாம். கழற்றிவிடலாம் என்று இரண்டு முறை ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு போனேன். ஓட்டை தெரியும் என்று விட்டுவிட்டேன்.

ஒன்றில் என் கறுப்புக் கோட்டு தொங்குகிறது. மீதி ஐந்து காலியாக இருக்கின்றன.

எமில்