இரண்டு அளவு கிளட்ச் பிளேட்

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே புழுக்கம். கடல் கூப்பிடு தூரத்தில், காற்று மட்டும் இல்லை. பள்ளி திறந்து ஒரு வாரம்தான், அதற்குள் ஒன்பதாம் வகுப்பு நோட்டு ஒரு கட்டு மேசையில்.

இவர் கொடுத்த மாதப் பணம் மறுபடியும் குறைவு. இவர் ஓட்டுகிற டூரிஸ்ட் வேனில் கிளட்ச் போய்விட்டதாம். பிளேட், பேரிங், கூலி, எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டாயிரம். பிப்ரவரியில்தானே கிளட்ச் மாற்றினோம்? கேட்டேன். டூப்ளிகேட் சாமான் போட்டுவிட்டார்கள் என்று சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

ஏப்ரலில் பிரேக். மே மாதம் செல்ஃப் மோட்டார். இப்போது கிளட்ச். மாதம் ஒன்று, சொல்லிவைத்த மாதிரி.

வாங்கி மூன்று வருடம். வாங்கும்போதே கிழட்டு வண்டி. என் நாலு பவுன் செயினும் ஃபைனான்ஸ்காரர் கடனும் அதில் போயின. ரேடியேட்டர் ஒழுகல், பின்பக்க ஸ்பிரிங் பட்டை முறிந்தது, டீசல் பம்ப், உப்புக்காற்றில் கதவுக்கடியில் தகரம் அரித்து வெல்டிங். போன தீபாவளிக்கு எனக்குப் புடவை இல்லை, வேனுக்கு நாலு டயர்.

கழற்றிய சாமான் வீட்டுக்கு வர வேண்டும். முதல் நாளிலிருந்து இது என் சட்டம். இல்லையென்றால் பழசையே துடைத்து மாட்டிவிட்டுப் புதுசுக்குக் காசு வாங்கிவிடுவார்கள். படிக்கட்டுக்கு அடியில் ஒரு சாக்கு, நிறைந்ததும் பழைய இரும்புக்காரருக்கு. கிளட்ச் பிளேட்டையும் கொண்டு வாருங்கள் என்றேன். தலையாட்டினார்.

ஜூன் 11, புதன்

பால் திரிந்துவிட்டது. கடுங்காப்பி.

பிளேட் வந்தது, செய்தித்தாளில் சுற்றி. சாக்கில் போடப் போனேன், பிப்ரவரிப் பிளேட் மேலாகவே கிடந்தது. இரண்டையும் துணி துவைக்கிற கல்லில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பழையது சாப்பாட்டுத் தட்டு அளவு. புதிதாக வந்தது சாஸர் அளவு.

ஒரே வேனுக்கு இரண்டு அளவில் கிளட்ச் எப்படி இருக்கும்?

கேட்கவில்லை. கேட்டால் கதை தயாராக இருக்கும். மற்ற சந்தேகங்களையும் எழுதி வைக்கிறேன்:

வேன் வீட்டுக்கு வருவதே இல்லை. துருப்பிடிக்கிறதாம், மாமல்லபுரத்தில் ஷெட்டில் விட்டுவிட்டு பைக்கில் வருகிறார். மூன்று வருடம் நம் சதுரங்கப்பட்டினத்துக் காற்றில்தானே நின்றது?

டீசல் விலையைப் பற்றிப் புலம்புவது நின்றுவிட்டது. ஃபைனான்ஸ்காரர் போன் செய்வதும் நின்றுவிட்டது.

நன்றாகத் தூங்குகிறார். இதுதான் எனக்கு உறுத்துகிறது.

ஸ்டாஃப் ரூமில் பேச்சுவாக்கில் சொன்னேன். சகுந்தலா டீச்சர், "ஆம்பளைங்க திடீர்னு அமைதியாயிட்டா உஷாரா இருக்கணும் சுதா" என்றார். அவர் கொழுந்தன் செல்போனில் ரம்மி ஆடி வீட்டையே விற்றவன்.

ஜூன் 13, வெள்ளி

பள்ளி விட்டதும் புதுப்பட்டினம் கடைத்தெரு. தேங்காய், ஹரிணிக்கு ஜாமெட்ரி பாக்ஸ், பிறகு நேராக மெக்கானிக் தணிகாசலம் ஷெட். சண்டை போடுகிற மூடில்தான் போனேன். டூப்ளிகேட் சாமான் மாட்டி எங்கள் குடும்பத்தையே மொட்டையடிக்கிறீர்களே என்று ஆரம்பித்தேன்.

"இன்னா டீச்சர் சொல்றீங்க? உங்க வண்டி இங்க வந்து ரெண்டு மாசத்துக்கு மேல ஆவுது."

சாப்பாட்டுப் பையிலிருந்து சாஸர் பிளேட்டை எடுத்து நீட்டினேன்.

"இது லோடு ஆட்டோ சாமான். அண்ணாத்ததான் நம்ம ஸ்கிராப்புலேர்ந்து எடுத்துகினு போனாரு. பொண்ணுக்கு ஸ்கூல் புராஜெக்ட்டுன்னாரே?"

ஹரிணி என் பள்ளிதான். வகுப்பாசிரியையும் நான்தான். ஒன்பதாம் வகுப்புக்குக் கிளட்ச் புராஜெக்ட் கொடுத்த புண்ணியவதி யார் என்று எனக்கே தெரியவில்லை.

மார்ச்சிலேயே எஞ்சினை இறக்கி வேலை பார்க்க வேண்டும், எண்பதாயிரத்துக்குக் குறையாது என்று தணிகாசலம் சொன்னாராம். யோசித்துச் சொல்கிறேன் என்று போனவர் அதன்பின் வேனைக் கொண்டுவரவே இல்லையாம். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை.

அப்படியானால் மாதாமாதம் குறைகிற பணம் யாருக்குப் போகிறது? ரம்மிக்கா? ‘அவளுக்கு’ என்று எழுதி அடித்தேன். மறுபடி எழுதுகிறேன். அவளுக்கு. எவளாக இருந்தாலும் சரி, விடப்போவதில்லை.

ஜூன் 15, ஞாயிறு

வெயில் மண்டையைப் பிளந்தது. சென்னைக் குடும்பம் ஒன்று சுற்றிப்பார்க்க வருகிறது என்று இவர் ஏழு மணிக்கே கிளம்பிவிட்டார். ஹரிணியிடம் கோயிலுக்கு என்று பொய் சொல்லிவிட்டு மாமல்லபுரம் பஸ் ஏறினேன். உட்கார இடம் இல்லை.

கடற்கரைப் பக்கம் வண்டிகள் நிற்கிற இடம். நம் வேன்தான். பின்பக்க நசுங்கல் அப்படியே இருந்தது. முன் கண்ணாடியில் ஹரிணி பெயர் இல்லை, ஏதோ ஒரு டிராவல்ஸ் பெயர். சீட்டுக்கெல்லாம் புது உறை. இளநீர் வண்டிக்குப் பின்னால் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றேன்.

ஒரு பையன் வந்தான். இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம். தலைமேல் கூலிங் கிளாஸ்.

"இன்னா முரளி, சீட்டுல வாந்தி அப்படியே கீது? இதெல்லாம் கூட சொல்லணுமா உனக்கு?"

இவர் "சரிங்க சார்" என்றார். வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். தண்ணீர் பிடித்து வந்து, உள்ளே குனிந்து துடைத்தார். பெற்ற அப்பா குரலை உயர்த்தினாலே மூன்று நாள் பேசாமல் இருந்த மனிதர்.

ஒரு பெண்ணைப் பிடிக்கத்தான் போனேன். பெண் இருந்திருந்தால் மயிரைப் பிடித்து ஆய்ந்திருப்பேன். வாளியோடு நிற்கிற இவரை என்ன செய்வது? அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டேன். வழியெல்லாம் அழுகை. கண்டக்டர் பார்த்தும் பார்க்காத மாதிரி போய்விட்டார்.

ஜூன் 16, திங்கள்

மேகமூட்டம், மழை இல்லை. ஹரிணி டியூஷனுக்குப் போனதும் காபியைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டேன், வேனை எப்போது விற்றீர்கள் என்று.

மறுக்கவில்லை. ஏப்ரலில். எஞ்சின் வேலைக்குப் பணம் இல்லை, மேலும் கடன் வாங்கப் பயம். விற்ற பணம் ஃபைனான்ஸ்காரருக்கே சரியாகப் போயிற்றாம். வாங்கியவன் எஞ்சினைச் சரிசெய்து, இவரையே டிரைவராக வைத்துக்கொண்டான். சம்பளம் முன்பு நமக்கு வந்ததைவிடக் குறைவு. அந்தக் குறைவுக்குத்தான் பிரேக், செல்ஃப் மோட்டார், கிளட்ச்.

"உன் செயின் போட்டு வாங்கின வண்டி. வித்துட்டேன்னு சொல்ல வாய் வரல சுதா."

கத்தினேன். செயின் போனதுகூடப் பெரிதில்லை, கண்டவன் வண்டி இரும்பை எனக்குச் சுமந்து வந்து கொடுத்தீர்களே என்று கத்தினேன். பிறகு மெதுவாகச் சொன்னார்: "இப்ப வண்டியில எந்தச் சத்தம் கேட்டாலும் எனக்கு ஒண்ணுமில்ல. வாங்கின பையனுக்கு போன் பண்ணிட்டு டீ குடிக்கிறேன். மூணு வருஷத்துல இப்பதான் தூங்கறேன்."

எனக்குக் கோபம் தீரவில்லை. இன்னும் என்னென்ன மறைத்திருக்கிறாரோ என்றுதான் இருக்கிறது. ஆனால் நேற்று மாமல்லபுரம் போனதைச் சொல்லவில்லை. தணிகாசலம் சொன்னதை வைத்து ஊகித்ததாகச் சொல்லிவிட்டேன். வாளியை நான் பார்த்தது அவருக்குத் தெரிய வேண்டாம்.

ஜூன் 18, புதன்

விடியலில் நாலு தூறல். இரண்டு நாளாக இவரோடு தேவைக்கு மட்டும் பேச்சு.

வாசல் தெளித்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு கிரிஜா அக்கா வந்தார். அடுத்த ஞாயிறு பேரனுக்குத் திருக்கழுக்குன்றத்தில் காதுகுத்து. "வேன் வேற இன்னாத்துக்கு சொல்லணும், நம்ம வண்டிதான் கீதே. டீசல் நாங்க போட்டுக்கறோம்."

பைக்கைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்த இவர் அப்படியே நின்றுவிட்டார். என்னைப் பார்க்கவில்லை. பைக் சீட்டைக் கையால் துடைத்துக்கொண்டிருந்தார், சுத்தமாகத்தான் இருந்தது.

"வண்டி ஷெட்டுல கிடக்கு அக்கா" என்றேன்.

"மறுபடியுமா? இன்னா போச்சு?"

"கியர் பாக்ஸ். இருபத்தஞ்சாயிரம் கேக்கறாங்க."